நாலாவது விடை

நவம்பர் 6
வீட்டிலிருந்து

அன்புள்ள பொடிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். தினமும் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சுகம். உனக்குச் சளி விட்டதா? அதை முதலில் எழுது.

உன்னை அந்தப் பயிற்சி விடுதியில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து அப்பா ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறார். பஸ் ஓட்டுகிறவருக்கு நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேர் பேசுகிறார்களாம், வீட்டுக்கு வந்தால் பேச ஆள் இல்லையாம். அப்போ நான் என்ன மரமா? மூக்குக்கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து "இப்போ தெரியுதா, இப்போ தெரியுதா" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டு வருகிறேன். வீட்டிலும் வாயாட எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

போன வருஷம் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இந்த வருஷம் மருத்துவ நுழைவுத் தேர்வு உன்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும். மே மாதம்வரை வேறு நினைப்பே கூடாது. ஜன்னல் பக்கம் உட்காராதே. நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் பாடம் அது வழியாக வெளியே போய்விடும், எனக்குத் தெரியாதா? அம்மா போன பிறகு உனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான்தானே.

அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. கடலுக்கு நடுவில் எண்ணெய் எடுக்கிற அந்த மேடையில் தபால் படகு வந்தால்தான் உலகம் இருப்பதே தெரிகிறதாம். வெல்டர் பற்றாக்குறை, ஒப்பந்தம் முடிகிறவரை கரைக்கு விடமாட்டார்களாம்.

அப்பா என்னவோ எழுத வேண்டும் என்று காகிதத்தைப் பிடுங்குகிறார். நான் பார்க்கக் கூடாதாம், அவரே ஒட்டித் தபாலில் போடுவாராம். என்ன ரகசியமோ, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

உடம்பையும் புத்தகத்தையும் பார்த்துக்கொள்.
அக்கா

பொடி, அப்பா எழுதுகிறேன். இந்த வாரக் கேள்வி.
இன்று உன் அக்கா எனக்குப் போட்ட டீ எப்படி இருந்தது?
அ) சர்க்கரை இல்லை
ஆ) டீத்தூள் இல்லை
இ) டீயே இல்லை
ஈ) போய்த் தூங்கு
சரியான விடை எப்போதும் ஈ. தூக்கம் கெட்டவன் கையில் ஸ்டீயரிங்கும் கொடுக்கக் கூடாது, பேனாவும் கொடுக்கக் கூடாது. இதை உன் அக்காவிடம் சொல்லிவிடாதே. பிள்ளையைக் கெடுக்கிறேன் என்று என்னைத் தொலைத்துவிடுவாள்.


நவம்பர் 27
பயிற்சி விடுதியிலிருந்து

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

சளி விட்டது, இருமல் வந்தது. மற்றபடி கை கால் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கின்றன. நீங்கள் இருவரும் சண்டை போடுவதைப் படித்து நிம்மதியாக இருந்தது.

இங்கே விடுதிக்காரருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சாவி. எதைக் கேட்டாலும் இடுப்பில் இருக்கும் சாவிக்கொத்தைத் தட்டிக்காட்டுவார். போன், ரேடியோ, முகம் பார்க்கும் கண்ணாடி, எல்லாம் அவர் அலமாரிக்குள். வீட்டுக்குப் பேச வேண்டும் என்று ஒருத்தி அழுதபோது, "குரலக் கேட்டா அழுவீங்க, எழுத்தப் பாத்தா அழ மாட்டீங்க. லெட்டர் போடு" என்றார். அவர் கணக்கு தப்பு என்று அவருக்கு யார் சொல்வது?

வாராவாரம் மாதிரித் தேர்வு. அதில் வாங்கும் மார்க்கை வைத்துத்தான் கூடத்தில் இடம். முதல் வரிசைக்கு மின்விசிறி உண்டு, ஆசிரியர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கடைசி வரிசை கழிவறைக் கதவை ஒட்டி இருக்கிறது, அவர்களை யாரும் கூப்பிடுவதே இல்லை. நான் இரண்டாவது வரிசை. காற்று வரும், பெயர் வராது.

விடைத்தாளில் வட்டத்தைக் கருப்பாக்கிக் கருப்பாக்கி விரல் ஓரமெல்லாம் கருப்பு. தப்பான விடைக்கு மார்க்கைக் குறைப்பார்கள் இல்லையா, அதனால் இயற்பியல் ஆசிரியர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "தெரிஞ்சா கருப்பாக்கு. தெரியலன்னா கைய எடு. ஊகிச்சா போச்சு."

அப்பாவுக்கு: விடை ஈ. அப்படியே செய்தேன், ஆனந்தமாக இருந்தது.

அக்கா, அது என்ன என்று மூக்கை நுழைக்காதே. அவருடைய கேள்வி மாறும், ஈ மட்டும் மாறாது. அவ்வளவுதான் சொல்வேன்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடவும்.
பொடி


ஜனவரி 19
வீட்டிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்கு வண்டியிலேயே உடம்பு இழுத்துக்கொண்டது. வலது பக்கம். கண்டக்டர்தான் வந்து சொன்னார். வண்டி திடீரென்று மெதுவாகப் போனதாம், ஓரம் கட்டியதாம், ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில் ஏன் நிறுத்துகிறார் என்று ஆட்கள் கத்தினார்களாம். "அவர் இடது கையால ஹேண்ட்பிரேக்க போட்டுட்டுத்தாம்மா சாஞ்சாரு. உள்ள இருந்த ஒருத்தருக்குக்கூட ஒரு கீறல் இல்ல" என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் குழந்தை மாதிரி அழுதார். நான் அழவில்லை. எனக்கு அப்போது அழ வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். வலது கை, வலது கால் இரண்டும் வரவில்லை. பேச்சு குழறுகிறது, ஆனால் கவனித்துக் கேட்டால் புரிகிறது. முதலில் அவர் சொன்னதே இதுதான்: "பொடிக்கு வேணாம். பரீட்ச முடியட்டும்." நான் சரி என்று தலையாட்டும்வரை என் கையை விடவில்லை.

ஆகவே அவளுக்குச் சொல்லப்போவதில்லை. மே முதல் வாரம் பரீட்சை. நாலு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஓடிவிடும். ஒரே ஒரு சிக்கல். அவளுக்குப் போகும் ஒவ்வொரு கடிதத்திலும் அப்பா அடியில் ஒரு கேள்வி எழுதுவார், நாலு விடையோடு. அது வராவிட்டால் கண்டுபிடித்துவிடுவாள். அப்பாவின் கையெழுத்து எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, பள்ளிக்கூட நாளில் எத்தனை லீவு லெட்டர் போட்டிருக்கிறேன்! நாலாவது விடை எப்போதும் ஒன்றேதான் என்று பொடி எழுதியிருந்தாள். என்னவென்று சொல்லவில்லை. வேறென்ன இருக்கப்போகிறது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு அப்பன் சொல்வது? "போய்ப் படி" என்பதுதான்.

அப்பாவிடமே கேட்டிருக்கலாம். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

நீ வர முடியுமா என்று கேட்கவில்லை. முடியாது என்று தெரியும். ஆனாலும் கேட்டதாக வைத்துக்கொள்.
தங்கை


ஜனவரி 21
வீட்டிலிருந்து

அன்புள்ள பொடிக்கு,

இருமலுக்கு வெந்நீர் குடி. இங்கே எல்லாம் வழக்கம்போல, எழுதும்படி ஒன்றுமில்லை. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

கடையில் வேலை குறைவு, நான் பாதி நாள்தான் போகிறேன். அப்பா இப்போதெல்லாம் சமத்து. நான் கொடுப்பதை மறுபேச்சு இல்லாமல் சாப்பிடுகிறார், டீயைக் குறை சொல்வதே இல்லை. உலக அதிசயம்தான், போ.

இரண்டாவது வரிசை எல்லாம் எனக்குப் போதாது. முதல் வரிசைக்கு வந்துவிட்டு எழுது.
அக்கா

பொடி, அப்பா எழுதுகிறேன். இந்த வாரக் கேள்வி.
இன்று என் பஸ்ஸில் ஏறிய ஆள் எதை மறந்துவிட்டு இறங்கினார்?
அ) குடை
ஆ) செருப்பு
இ) மாமியார்
ஈ) போய்ப் படி


பிப்ரவரி 16
விடுதியிலிருந்து

அக்காவுக்கும் அப்பாவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் அப்படித்தான் இருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். சரி.

கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது, உடனே பதில் எழுத உட்கார்ந்தேன், வரவில்லை. இங்கே நிறையப் பாடம். மாமியார் ஜோக்கை என் அறைக்காரிக்குச் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள். அப்பாவின் கையெழுத்து இந்த முறை ரொம்ப அழகாக இருந்தது. அவரிடம் சொல்லிவிடு.

நான் இப்போது ஐந்தாவது வரிசை. திட்டாதே. தெரிந்த கேள்விக்குக்கூடக் கை வட்டத்துக்குப் போகமாட்டேன் என்கிறது.

அக்கா, அப்பா வேலை முடிந்து வந்ததும் நன்றாக ஓய்வெடுக்கிறாரா? பாதி நாள் கடைக்குப் போகிறாய் என்றாயே, மீதி நாள் வீட்டில் அவரோடு பேசிக்கொண்டிரு. நீ பேசாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திரு. அவருக்குப் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

அப்பாவுக்கு: விடை ஈ. படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்.
பொடி


மார்ச் 12
கடல் மேடையிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. கடல் கொந்தளிப்பில் தபால் படகு இரண்டு முறை பாதி வழியில் திரும்பிவிட்டதாம். நீ எழுதி இரண்டு மாதம் ஆகப்போகிறது. இப்போது அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கிறேன், இதற்கு நீ பதில் எழுதி அது வருவதற்குள் அந்தப் பதிலும் பழசாகிவிடும்.

மேனேஜரிடம் போய் நின்றேன். "உனக்குப் பதிலா ஆள் வரட்டும், மறுநாளே அனுப்பறேன்" என்றான். ஆள் எப்போது வரும் என்று கேட்டதற்குக் கடலைப் பார்த்தான். இங்கே இருக்கும் ஒரே போனுக்கு வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது இரைச்சல்தான் கேட்டது. அந்த இரைச்சலில் "அப்பா, அப்பா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு அழக்கூடாது தெரியுமா? துடைக்க முடியாது, எரியும். இன்று எரிந்தது.

பொடி விஷயத்தில் அப்பா சொன்னபடியே செய். மே மாதம்தானே. அவள் எழுதி முடிக்கட்டும். இவ்வளவு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தைரியமாக இரு என்று எழுதுவது சுலபம். எழுதுகிறேன். தைரியமாக இரு. நேரத்துக்குத் தூங்கு.
அண்ணன்


மே 9
விடுதியிலிருந்து

அக்காவுக்கு,

நீ சுகமா? நான் உயிரோடு இருக்கிறேன்.

பரீட்சை எழுதிவிட்டோம். எழுதி முடித்து வெளியே வந்து, வேனில் ஏறி உட்கார்ந்ததும் ஒருத்தி பாட ஆரம்பித்தாள். அப்போதுதான் சாவி வந்து வேன் கதவைத் தட்டினார். வினாத்தாள் முன்கூட்டியே வெளியே போய்விட்டதாம். பரீட்சை ரத்து. நாங்கள் எழுதியது எல்லாம் குப்பை. ஜூன் கடைசியில் மறுபடியும் வைப்பார்களாம். பாடிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். டிரைவர்தான், "எல்லாரும் உக்காருங்கம்மா, வண்டிய எடுக்கணும்" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

இனி ஏழு வாரம். மறுபடி முதல் பாடத்திலிருந்து. யாரையும் வீட்டுக்கு விடமாட்டோம் என்கிறார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எழுதிக் கேட்டால் இரண்டு நாள் விடுவார்கள், போன வாரம் ஒருத்தியை விட்டார்கள்.

அக்கா, நீ எழுதிக் கேட்கிறாயா? இரண்டே நாள். புத்தகத்தைக் கொண்டுவருகிறேன். ரயிலிலும் படிப்பேன். அப்பா என்னோடு பேசக்கூட வேண்டாம். சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். எதுவும் கேட்க மாட்டேன். சத்தியமாக ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

சீக்கிரம் பதில் போடு.
பொடி


மே 16
வீட்டிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன்.

மார்ச் கடைசியில் அப்பாவுக்கு இரண்டாவது தடவை வந்தது. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. இடது கை மட்டும் இருக்கிறது. நாங்கள் பேசிக்கொள்ள ஒரு வழி கண்டுபிடித்தோம். பொடியோடு அவர் விளையாடிய விளையாட்டுத்தான். நான் விடைகளைச் சொல்வேன், அவர் விரலைக் காட்டுவார். ஒரு விரல் அ, இரண்டு விரல் ஆ. தண்ணியா, டீயா, திரும்பிப் படுக்கணுமா? இரண்டு விரல். டீ கொடுப்பேன். சில நாள் கண்ணில் அந்தப் பழைய குறும்பு வரும்.

பரீட்சை ரத்தான கதையைப் பேப்பரில் பார்த்திருப்பாய், அங்கே பேப்பர் வருகிறதோ என்னவோ. பொடி வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டு எழுதியிருந்தாள். அண்ணா, அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். டாக்டர் வேறு, "ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க, பாக்க வேண்டியவங்க பாத்துடட்டும்" என்கிறார். நானே முடிவு செய்ய எனக்குத் துணிச்சல் இல்லை. அப்பாவிடமே கேட்டேன்.

நேற்று மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது. எனக்கே கண் சொருகியது, கரண்டி கையிலிருந்து நழுவி அவர் சட்டையெல்லாம் கஞ்சி. துடைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டேன். "அப்பா, பொடியக் கூப்பிடவா? அ, கூப்பிடு. ஆ, வேண்டாம். இ, பரீட்ச முடிஞ்ச பிறகு." என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு விரலைக் காட்டினார். நான் நாலாவது ஒன்று சொல்லவே இல்லை. திரும்பவும் கேட்டேன். திரும்பவும் நாலு விரல். மூன்றாவது தடவை கேட்டபோது கோபம் வந்து, கையை என் முகத்துக்கு நேராகவே நீட்டினார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நாலாவது விடை அவர் பொடிக்குச் சொல்வது. போய்ப் படி. அவள் படிக்கட்டும் என்கிறார். இந்த நிலைமையிலும் மனுஷனுக்கு அவள் படிப்புத்தான்.

சரிப்பா, அப்படியே செய்கிறேன் என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

பொடிக்கு வேண்டாம் என்று எழுதப்போகிறேன். நீயாவது நான் செய்வது சரி என்று ஒரு வார்த்தை எழுது.
தங்கை


மே 17
வீட்டிலிருந்து

அன்புள்ள பொடிக்கு,

நாங்கள் சுகம். உனக்கு நேர்ந்தது பெரிய அநியாயம். பேப்பரில் படித்துவிட்டு வயிறெரிந்தேன். கண்டவன் செய்த திருட்டுக்கு நீ தண்டனை அனுபவிக்கிறாய்.

ஆனால் இப்போது வர வேண்டாம் கண்ணு. போகவர இரண்டு நாள், வந்த களைப்பில் நாலு நாள், ஒரு வாரம் போய்விடும். அதோடு அப்பாவுக்கு வெளியூர் ரூட் போட்டிருக்கிறார்கள். நீ வந்தாலும் அப்பா வீட்டில் இருக்க மாட்டார். அவருக்கும் நீ படிப்பதுதான் முக்கியம். அவரே சொன்னார். இது மட்டும் சத்தியம்.

ஆறு வாரம்தானே. பரீட்சை முடிந்த மறுநாள் நானே வாசலில் வந்து நின்று கூட்டிப்போகிறேன். என் மேல் கோபம் வந்தால் வரட்டும்.
அக்கா

பொடி, அப்பா எழுதுகிறேன். இந்த வாரக் கேள்வி.
டாக்டராகி நீ முதலில் யாருக்கு ஊசி போடுவாய்?
அ) அக்காவுக்கு
ஆ) சாவிக்கு
இ) அப்பா பயந்து ஓடிவிடுவார்
ஈ) போய்ப் படி


ஜூன் 2
கடல் மேடையிலிருந்து

அன்புத் தங்கைக்கு,

இதைக் குசலம் விசாரித்து ஆரம்பிக்க நேரமில்லை. படகு கிளம்பப்போகிறது. உன் மே மாதக் கடிதம் இப்போதுதான் பிரித்தேன்.

அவளுக்கு உடனே சொல். எழுதாதே, நேரில் போய்க் கூட்டி வா. மார்ச்சில் நான் எழுதியது தப்பு. அப்போது நாள் குறித்த பரீட்சை இருந்தது, இப்போது அதுவும் போய்விட்டது. இந்தப் பரீட்சையும் நடக்கும் என்று என்ன நிச்சயம்? பரீட்சை அடுத்த வருஷமும் வரும். நான்தான் வர முடியாதவன், அவளுக்கு ஒரு ராத்திரி ரயில் தூரம்தான். அவளாவது பார்க்கட்டும்.

அப்பா நாலு விரல் காட்டினார் என்கிறாய். அவருக்கு அந்த நேரம் என்ன தோன்றியதோ, நமக்கு எப்படித் தெரியும்?

போய்க் கூட்டி வா.
அண்ணன்


ஜூன் 14
வீட்டிலிருந்து

அண்ணா,

உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன்.

அப்பா எட்டாம் தேதி காலையில் போய்விட்டார். டீ கொண்டுவந்தேன், கண் மூடியிருந்தது. ஆறட்டும் என்று பக்கத்தில் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கஷ்டப்படவில்லை. அந்த இடது கை மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தது.

கடல் மேடைக் கம்பெனியின் கரை ஆபீசுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பினேன். உனக்குச் சொல்வதாகச் சொன்னார்கள். சொன்னார்களா? இந்தக் கடிதத்தில்தான் உனக்குத் தெரிகிறது என்றால், ஐயோ, நான் என்ன செய்யட்டும்.

டிப்போவிலிருந்து எல்லோரும் வந்தார்கள். கண்டக்டர் வாசலில் நின்றுகொண்டு, "சின்னவ எங்கம்மா?" என்றார். நான் உள்ளே போய்விட்டேன். மறுபடி வந்து கேட்டார். "பரீட்ச இருக்குண்ணே" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் என்னை அடித்திருக்கலாம்.

கூட்டி வா என்று நீ எழுதிய கடிதம் நேற்று வந்தது. முன்னாலேயே வந்திருந்தால் உன் பேச்சைக் கேட்டிருப்பேனா? தெரியவில்லை. அப்பா கடைசியாக என்னிடம் சொன்ன ஒரே விஷயம் அந்த நாலு விரல்தான். அதற்குப் பிறகும் இரண்டு மூன்று நாள், நான் எதுவுமே கேட்காதபோதும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் காட்டுவார். சரிப்பா, அவ படிச்சிட்டுத்தான் இருக்கா என்பேன். அதை மீற எனக்கு மனசு வரவில்லை அண்ணா. அவருக்காக என்னால் செய்ய முடிந்தது வேறு என்ன இருந்தது?

இருபத்தெட்டாம் தேதி பரீட்சை. இருபத்தொன்பதாம் தேதி காலை நான் விடுதி வாசலில் நிற்பேன். ரயில் ஏறும்வரை சொல்லக் கூடாதா, வாசலிலேயே சொல்ல வேண்டுமா? ஊரில் இருக்கும் கண்ணையெல்லாம் பரிசோதிக்கிறேன், அவள் கண்ணை எப்படிப் பார்ப்பேன்?

எனக்குத் தூக்கம் வருவதில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.
தங்கை


ஜூன் 22
விடுதியிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள் அப்பா? உண்மையாகக் கேட்கிறேன்.

உறைமேல் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். எப்படியும் அக்காதான் பிரித்துப் படித்துக்காட்டப்போகிறாள். பரவாயில்லை, அவளுக்கும் தெரியட்டும்.

ஜனவரியிலிருந்து கேள்வி எழுதுவது நீங்கள் இல்லை. எழுத்து அச்சாக உங்களுடையது மாதிரியே இருந்தது. அக்கா கெட்டிக்காரி. ஆனால் ஈ-யில் "போய்ப் படி" என்று இருந்தது. நான் பிறந்ததிலிருந்து நீங்கள் ஒருநாளும் அதை என்னிடம் சொன்னதில்லை. நம் வீட்டில் அதைச் சொல்கிற ஆள் ஒருத்திதான். நீங்கள் சொன்னதெல்லாம் போய்த் தூங்கு, போய்த் தூங்கு என்பதுதான். அதைப் பார்த்த அன்றைக்குக் கடிதத்தை மடித்துவிட்டேன். பதில் எழுதப் பல நாள் ஆயிற்று.

உங்களுக்குக் கை முடியவில்லை என்று புரிகிறது. வேறு என்ன என்று நான் ஊகிக்கவில்லை. இங்கே அதைத்தானே சொல்லித்தந்திருக்கிறார்கள், தெரியாவிட்டால் கையை எடு, ஊகித்தால் போச்சு. அந்த ஒரு வட்டத்தை மட்டும் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன். தினமும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் மற்ற வட்டமெல்லாம் தப்பாகிறது. இப்போது கடைசி வரிசை. பரீட்சை எனக்குச் சரியாக வராது போலத்தான் இருக்கிறது. உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன்.

மே மாதம் சாவியிடம் போய் நின்றேன். சாவிக்கொத்தைத் தட்டிக்காட்டினார். வெளியே வந்து வாசல் கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றேன். அது பெரிய கதவுகூட இல்லை, ஏறிக் குதித்திருக்கலாம். நீங்களே வேண்டாம் என்று சொன்னதாக அக்கா சத்தியம் செய்து எழுதினாள். அதனால்தான் வரவில்லை.

அக்காவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈ என்னவென்று அவளுக்கு நாம் சொல்லவே இல்லையே. உங்களையும் பார்த்துக்கொண்டு கடைக்கும் போய்க்கொண்டு, எனக்கு ஜோக்கும் எழுதுகிறாள். கடைசிக் கடிதத்தில் எழுத்தெல்லாம் வரியை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. அவள் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. அவளுக்கும் ஒரே ஒரு தடவை ஈ சொல்லுங்கள் அப்பா. நீங்கள் சொன்னால் கேட்பாள்.

ஞாயிறு பரீட்சை. செவ்வாய்க்கிழமை காலை நான் வீட்டில் இருப்பேன். இந்த முறை கேள்வியை நான் கேட்கிறேன்.

பொடி வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அப்பா முதலில் என்ன சொல்வார்?
அ) இளைச்சுப் போயிட்டியே
ஆ) பரீட்ச எப்படி எழுதின
இ) நீ ஏன் இத்தன நாள் வரல
ஈ)

ஈ-யை நான் எழுதவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பேச முடியாவிட்டாலும் பரவாயில்லை. நாலு விரலைக் காட்டுங்கள், எனக்குப் புரியும்.

உங்கள்
பொடி